மருத்துவச்சியும் மருத்துவமனையும்: பிணக்கு நேர்ந்தால் துணைநிற்பது எவ்வாறு?

திருச்சிராப்பள்ளி மலைமேல் கோயில் கொண்ட இறைவனுக்குத் தாயுமானவர் என்னும் பெயர் வந்த வரலாற்றைத் தமிழர் பலரும் அறிவர். கருவுற்ற மகளின் பேற்றுக்கு உதவத் தாய் புறப்பட்டு வருகிறாள். வழியில் காவிரி பெருக்கெடுத்து ஓடுகிறது. ஆற்றைக் கடக்க இயலாமல் அவள் அக்கரையிலேயே தங்கிவிடுகிறாள். இக்கரையில் மகளுக்கோ நோவு கண்டுவிட்டது. இறைவனே அத்தாயின் வடிவில் வந்து பேறு பார்த்தான் என்று தலவரலாறு கூறும். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேர்ந்த பின்னரே முன்பு வந்தவர் யார் என்பது விளங்கிற்றாம்.

இக்கதையில் கருதத்தக்கது ஒன்று உண்டு. இறைவன் அப்பெண் அறிந்த முகத்தோடு வந்தான். நோவுற்ற நேரத்தில் பெண்ணுக்குக் கைத்திறம் வேண்டும்; அதனோடு பழகிய முகமும் வேண்டும். இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

இக்காலத்தில் பழகிய முகம் மருத்துவச்சியிடம் இருக்கிறது. அறுவைக் கருவியும், குருதிச் சேமிப்பும், மயக்க மருந்தும் மருத்துவமனையிடம் இருக்கின்றன. இரண்டும் இணைந்து நடக்கும் வரையில் தாய்க்கு நன்மை. அவற்றுக்கிடையே பிணக்கு நேருமாயின் என்ன ஆகும்? மருத்துவச்சியை நம்பிய தாய்மார் அவளுக்குத் துணைநிற்க விரும்பினால் எந்த முறையில் நிற்பது? இவ்வினாக்களுக்கு அண்மைக் கால வரலாற்றில் தெளிவான விடைகள் உள்ளன.

சொல்லும் பொருளும்

முதற்கண் சொற்களைக் காண்போம். மருத்துவம் என்னும் சொல்லின் அடியாகப் பிறந்த பெண்பாற் பெயரே மருத்துவச்சி. மருத்துவம் செய்பவள் என்பதே அதன் பொருள். எனினும் வழக்கில் அது பேறு பார்ப்பவளையே குறிக்கிறது. ஊருக்கு ஒருத்தியாக இருந்து பெண்டிருக்கு மருத்துவம் பார்த்தவள் அவளே என்பதற்கு இச்சொல்லே சான்று. அகப்பாடல்களில் தலைவியை வளர்த்த தாயாகவும் தோழியைப் பெற்றவளாகவும் வரும் செவிலி, இன்று மருத்துவமனைப் பணியாளருக்குப் பெயராகிவிட்டாள். நம் நாட்டில் தாதி என்னும் சொல்லும் வழங்குகிறது.

ஆங்கிலத்தில் மருத்துவச்சியை மிட்வைஃப் என்பர். பழைய ஆங்கிலத்தில் மிட் என்றால் உடன். வைஃப் என்றால் பெண். பேறுறும் பெண்ணின் உடனிருப்பவள் என்பது பொருள். மகப்பேற்று மருத்துவர்கள் தம் துறைக்கு இட்டுக்கொண்ட அப்ஸ்டெட்ரிக்ஸ் என்னும் பெயரும், மருத்துவச்சியைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்தே வந்தது. எதிரே நிற்பவள் என்பது அதன் பொருள் என்பர். ஆக, மருத்துவமனையின் மகப்பேற்றுத் துறை தன் பெயரையே மருத்துவச்சியிடமிருந்து கடன் வாங்கியிருக்கிறது.

பெக்கம் வட்டாரத்து மருத்துவச்சியர்

இலண்டன் மாநகரின் தென்கிழக்கே பெக்கம் என்னும் வட்டாரம் உள்ளது. ஏழை மக்களும், பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களும் மிகுதியாக வாழும் பகுதி அது. அங்கே 1997ஆம் ஆண்டில் ஆல்பனி மருத்துவச்சியர் குழு என்னும் பெயரால் சில மருத்துவச்சியர் பணி தொடங்கினர். அவர்கள் மருத்துவமனையின் சம்பளப் பணியாளர் அல்லர். தமக்குள் தாமே நிருவாகம் செய்துகொண்டு, கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையை நடத்திய அமைப்புடன் ஒப்பந்தம் செய்துகொண்டு பணிபுரிந்தனர். தாய்மார் கட்டணம் ஏதும் செலுத்தவில்லை.

அவர்களது முறை எளிமையானது. ஒவ்வொரு பெண்ணுக்கும் இரு மருத்துவச்சியர் பொறுப்பேற்பர். கருவுற்ற காலத்திலும், பேற்றின்போதும், பேறு முடிந்த பின்னரும் அவ்விருவரே வருவர். எந்நேரத்தில் நோவு கண்டாலும் அழைக்கலாம். வீட்டில் பெறுவதா, மருத்துவமனைக்குச் செல்வதா என்பதை முன்கூட்டியே முடிவுகட்ட வேண்டுவதில்லை. நோவு கண்டபின், நிலைமையைப் பார்த்து, அப்பெண்ணே முடிவு செய்யலாம். மருத்துவமனைக்குச் சென்றாலும் அதே மருத்துவச்சி உடன் செல்வாள். கருவுற்ற பெண்களும் புதிதாய்ப் பெற்றவர்களும் ஒன்றுகூடிப் பேசுவதற்கும் ஏற்பாடு இருந்தது.

2001ஆம் ஆண்டில் இக்குழுவின் பணியை ஆய்ந்த கல்வியாளர்கள் அதனைப் பாராட்டினர். பிற நாட்டினரும் வந்து பார்த்துச் செல்லும் முன்மாதிரியாக அது விளங்கிற்று.

பிணக்கும் பிரிவும்

2009ஆம் ஆண்டின் இறுதியில் மருத்துவமனை அந்த ஒப்பந்தத்தை முறித்தது. குழந்தைகளின் பாதுகாப்பே அதற்குக் காட்டப்பட்ட காரணம். பிறக்கும் வேளையில் உயிர்வளி குறைந்து மூளை ஊறுபட்ட குழந்தைகள் இக்குழுவினர் பார்த்த பேறுகளில் அளவுக்கு மிகுந்து காணப்பட்டதாக மருத்துவமனை கருதிற்று. தாய்சேய் நலத்தை ஆராயும் அமைப்பொன்றிடம் சில நிகழ்ச்சிகளை ஒப்படைத்து அறிக்கையும் பெற்றது. அவ்வறிக்கையை அடியாகக் கொண்டே குழுவின் பணி நிறுத்தப்பட்டது.

மருத்துவமனையின் கவலையை இலேசாகத் தள்ளிவிடல் ஆகாது. ஒரு குழந்தை மூளை ஊறுபட்டால் அத்துன்பம் அக்குடும்பத்தை வாழ்நாள் முழுதும் தொடரும். ஏன் நேர்ந்தது என்று வினவுவது மருத்துவமனையின் கடமை. வினவியது தவறென்று எவரும் சொல்லார். வினவிய முறை சரிதானா என்பதே பிணக்காயிற்று.

பேற்றை எதிர்நோக்கியிருந்த பெண்கள் பலர் தம் மருத்துவச்சியைத் திடீரென இழந்தனர். தாய்மார் ஒன்றுதிரண்டனர். 2010 மார்ச்சு மாதத்தில் கைக்குழந்தைகளுடன் இலண்டன் தெருக்களில் ஊர்வலமாகச் சென்றனர். புள்ளியியல் வல்லோர் சிலரும் அறிக்கையின் கணக்கீட்டு முறையில் குறைகண்டனர். சிறிய தொகையை வைத்துப் பெரிய முடிவு செய்யலாமா, இரு தரப்புத் தாய்மாரின் நிலைமையும் ஒத்ததா, குழுவின் பணி முழுவதும் கணக்கில் வந்ததா என்பன அவர்கள் எழுப்பிய வினாக்கள். ஆயினும் ஒப்பந்தம் மீளவில்லை.

சிறிய எண்களின் மயக்கம்

இங்கே கணக்குப் பாடம் ஒன்று உண்டு. ஆசிரியர்கள் மேல்வகுப்பு மாணவர்க்கும் இதனைக் கற்பிக்கலாம். ஓர் இடர் 1,000 பேறுகளுக்கு 5 வீதம் எங்கும் நேர்வதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 200 பேறு பார்க்கும் குழுவுக்கு அவ்விடர் சராசரியாக ஆண்டுக்கு 1 வரும். ஆனால் சராசரி என்பது ஆண்டுதோறும் தவறாமல் வருவதன்று. ஓராண்டில் ஒன்றும் நேராது போகலாம். மற்றோராண்டில் 3 நேரலாம். அந்த 3 நேர்ந்த ஆண்டைத் தனியே பிரித்தெடுத்துக் காட்டினால், இடர் மும்மடங்கு ஆகிவிட்டதாகத் தோன்றும். ஒன்றும் நேராத ஆண்டைத் தனியே காட்டினால், குற்றமே இல்லாதவர்களாகத் தோன்றும். இரண்டும் மயக்கமே. பல ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தாலன்றி உண்மை புலப்படாது.

ஆல்பனி குழுவின் கணக்கு முழுவதையும் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2017ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1997 முதல் 2009 வரை 2,568 பெண்கள் அக்குழுவின் பொறுப்பில் இருந்தனர். அவர்களுள் 100க்கு 57 பேர் கறுப்பினத்தார், ஆசியர் முதலிய சிறுபான்மையினர். 100க்கு 95 பேருக்கு மேற்பட்டோர், தமக்கென ஏற்பட்ட இருவருள் ஒருவர் உடனிருக்கப் பெற்றெடுத்தனர். ஏறத்தாழ 80 பேர் ஆயுத உதவியின்றி இயல்பாகப் பெற்றனர். 16 பேருக்கு அறுவை நடந்தது. 43 பேருக்கு மேல் வீட்டிலேயே பெற்றனர். பன்னிரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட அக்காலத்தில் பேற்றை ஒட்டி இறந்த குழந்தைகள் 15. ஏழ்மை மிகுந்த பகுதிக்கு இவை நல்ல விளைவுகள் என்பது ஆய்வாளர் முடிவு. ஆனால் அம்முடிவு வெளிவந்தபோது குழு கலைந்து ஏழாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

முறையைப் பற்றிய பொதுச் சான்றும் உண்டு. 2016இல் வெளியான தொகுப்பாய்வு 15 ஆய்வுகளையும் 17,674 பெண்களையும் உள்ளடக்கியது. கருவுற்றது முதல் ஒரே மருத்துவச்சியர் தொடர்ந்து கவனித்த பெண்களிடையே குறைமாதப் பேறு குறைந்திருந்ததாக அது காட்டிற்று. தாயுமானவர் கதை உணர்த்தும் பழகிய முகத்தின் பயனை, இக்காலத்தார் எண்ணிக் கண்டனர்.

வியன்னாவின் இரு கூடங்கள்

எண்ணிப் பார்த்தலால் மருத்துவச்சியரின் உயர்வு வெளிப்பட்ட பழைய நிகழ்ச்சியும் ஒன்று உண்டு. ஆஸ்திரியத் தலைநகரான வியன்னாவின் பெரிய மருத்துவமனையில் இரு பேற்றுக்கூடங்கள் இருந்தன. முதற் கூடத்தில் மருத்துவ மாணவர் பயின்றனர். இரண்டாம் கூடத்தில் மருத்துவச்சியர் பயின்றனர். 1846ஆம் ஆண்டில் முதற் கூடத்தில் 100க்கு 11 தாய்மாருக்கு மேல் பேற்றுக் காய்ச்சலால் இறந்தனர். இரண்டாம் கூடத்தில் இறந்தோர் 100க்கு 3 பேருக்கும் குறைவு. முதற் கூடத்தில் சேர்க்க வேண்டாம் என்று பெண்கள் மன்றாடினர். தெருப்பெண்டிரும் அறிந்திருந்த வேற்றுமையைப் பெரியோர் பொருட்படுத்தவில்லை.

இக்னாசு செம்மல்வைசு என்னும் இளம் மருத்துவர் அதனைப் பொருட்படுத்தினார். மாணவர்கள் பிணவறையில் உடலை அறுத்துவிட்டு, அதே கையோடு தாய்மாரைத் தொட்டனர். மருத்துவச்சியர் பிணவறைக்குச் செல்வதில்லை. வேற்றுமைக்குக் காரணம் இதுவே எனக் கண்ட அவர், 1847 மே மாதத்தில் குளோரின் கலந்த நீரில் கை கழுவுமாறு ஆணையிட்டார். 1848இல் இரு கூடங்களின் இறப்பும் ஒருங்கே 100க்கு 1 அளவுக்கு இறங்கிற்று. ஆயினும் 1849இல் அவரது பதவி நீட்டிக்கப்படவில்லை. மருத்துவர் கையே நோயைக் கொணர்ந்தது என்பதை ஏற்க மேலோர் பலருக்கு மனம் வரவில்லை. 1865இல் மனநோயர் விடுதியில் அவர் இறந்தார். கணக்குச் சரியாக இருந்தும், அதைக் கேட்கும் காது இல்லாவிடில் பயன் இல்லை என்பது அவர் வாழ்வு தரும் பாடம்.

மறுபக்கமும் உண்டு

இவற்றைக் கொண்டு, மருத்துவச்சியர் எப்போதும் சரியானவர், மருத்துவமனை எப்போதும் தவறானது என்று முடிவுகட்டுதல் பெரும் பிழையாகும். ஆங்கில நாட்டின் வடமேற்கே ஃபர்னெசு பொது மருத்துவமனையில் 2004 முதல் 2013 வரை நடந்தவற்றை ஆராய்ந்து, 2015 மார்ச்சில் பில் கர்க்கப் என்பவர் தலைமையில் அறிக்கை வெளியாயிற்று. அங்கே மருத்துவச்சியருட் சிலர், எப்பாடு பட்டேனும் இயல்பான பேறே நடக்க வேண்டும் என்னும் பிடிவாதம் கொண்டிருந்தனர். மருத்துவருடன் அவர்களுக்கு நல்லுறவு இல்லை. தவறு நேர்ந்தபோது ஒருவரையொருவர் காத்துக்கொண்டனர். தக்க கவனிப்பு இருந்திருந்தால் ஒரு தாயும் 11 குழந்தைகளும் பிழைத்திருக்கக் கூடும் என்று அறிக்கை கண்டது. மகவை இழந்த பெற்றோர் பல்லாண்டு போராடியே அவ்விசாரணையைப் பெற்றனர்.

ஆகவே, துணைநிற்றல் என்பது கண்மூடிப் பக்கம் சாய்தல் அன்று. பெக்கத்திலும் ஃபர்னெசிலும் தாய்மார் கேட்டது உண்மையில் ஒன்றே: நடந்தவை அனைத்தையும் எண்ணுங்கள், வெளியாரைக் கொண்டு ஆராயுங்கள், எங்கள் சொல்லையும் கேளுங்கள்.

நம் நாடு கண்ட வழி

மலாயா விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில், உயிருடன் பிறந்த ஒவ்வோர் இலட்சம் குழந்தைகளுக்கும் ஏறத்தாழ 280 தாய்மார் பேற்றினால் இறந்துகொண்டிருந்தனர். 1970இல் அது ஏறத்தாழ 140 ஆகப் பாதியாயிற்று. பின்னும் குறைந்துகொண்டே வந்தது. இம்மாறுதலை உலக வங்கி ஆய்வாளர் 2003இல் நூலாக எழுதி, இலங்கையையும் மலேசியாவையும் பிற நாடுகளுக்கு எடுத்துக்காட்டாக்கினர். இரு நாடுகளிலும் மாறுதலுக்கு அச்சாணியாக இருந்தவள் பயிற்சி பெற்ற மருத்துவச்சியே.

நாட்டுப்புற நலத்திட்டத்தின்படி 50,000 பேருக்கு ஒரு தலைமை நலநிலையமும், 10,000 பேருக்கு ஒன்றாகத் துணை நிலையங்களும், 2,000 பேருக்கு ஒன்றாக மருத்துவச்சி மனையும் அமைந்தன. மருத்துவச்சி மனை என்பது அவள் வீடும் மருந்தகமும் ஒன்றாய் இருப்பது. அவள் மக்களிடையே வாழ்ந்தாள். இடர் கண்டால் மேல்நிலையத்துக்கு அனுப்பினாள். 1966ஆம் ஆண்டின் மருத்துவச்சியர் சட்டம் பதிவு பெறாதோர் தொழில் செய்வதைத் தடுத்தது. ஆயினும் ஏற்கெனவே தொழில் பார்த்துவந்த பரம்பரை மருத்துவச்சியர் பதிவு செய்துகொள்ள இடமளித்தது. தூய்மை முறைகளும், இடர் அறியும் வழிகளும் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டன. அவர்களைப் பகைத்து விரட்டியிருந்தால், தாய்மார் மறைவாக அவர்களிடமே சென்றிருப்பர். இடர் நேர்ந்தபோது மருத்துவமனைக்கு வர அஞ்சியிருப்பர்.

தோட்டங்களின் நிலை வேறு. தோட்டம் தனியார் நிலமாதலால் அங்கே மருத்துவ ஏற்பாடு நிருவாகத்தின் பொறுப்பாயிற்று. அரசின் திட்டம் பெரும்பாலும் வேலிக்கு வெளியே நின்றது. நாட்டின் முதல் வாணிகச் செம்பனை நடவு 1917இல் நிகழ்ந்த தென்னமரம் தோட்டம் முதலாக, பத்தாங் பெர்ஜுந்தை, புக்கிட் ரோத்தான், ஈஜோக் எனக் கோலசிலாங்கூரிலும் வட சிலாங்கூரிலும் பரந்த தோட்டங்களில் வாழ்ந்தோர்க்கு லயத்து மருத்துவச்சியே முதல் துணை. பேறு பார்ப்பதோடு அவள் பணி முடிந்ததில்லை. வெந்நீர் ஊற்றுவதும், பத்தியம் சொல்வதும், குழந்தையைக் குளிப்பாட்டுவதும் அவளே. இன்று தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. மக்கள் தாமான்களில் குடியேறினர். மலேசியாவில் ஏறத்தாழ எல்லாப் பேறுகளும் பயிற்சி பெற்றோர் கையிலேயே நிகழ்கின்றன. தொழிற்சட்டத்தின்கீழ் 60 நாளாக இருந்த பேறுகால விடுப்பு, 2023 சனவரி முதல் 98 நாளாக உயர்ந்துள்ளது. இவை பெரும் பேறுகள். ஆயின் நோவுற்ற பெண்ணுக்குத் தன் மொழி பேசும், தன்னை அறிந்த ஒருத்தி உடனிருத்தல் இன்றும் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை.

துணைநிற்கும் முறை

தோட்டப்புறங்களில் மனு எழுதும் பொறுப்பு நெடுங்காலமாகத் தமிழ்ப்பள்ளி ஆசிரியரைச் சேர்ந்தது. மருத்துவச்சி ஒருத்தி மருத்துவமனையோடு பிணக்குற்றால், தாய்மார் நாடி வரும் முதல் வாயில் ஆசிரியரின் வாயிலாகவே இருக்கும். அம்மனுவில் இருக்க வேண்டியவை எவை?

முதலாவது, கணக்கு. அவள் பார்த்த பேறுகள் அனைத்தையும் ஆண்டுவாரியாகக் குறிக்க வேண்டும்: எத்தனை பேறு, எத்தனை பேர் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டனர், நேர்ந்த இடர்கள் யாவை. கெட்டவற்றை மறைத்த மனு முதல் வினாவிலேயே வீழ்ந்துவிடும். பெயர்களைத் தாய்மாரின் இசைவின்றி வெளியிடலாகாது.

இரண்டாவது, ஒப்பீடு. ஏழைத் தாய்மாரையும் இரத்தச் சோகை உடையோரையும் மிகுதியாகக் கவனித்த ஒருத்தியின் கணக்கை, வசதியுள்ளோரைக் கவனித்தவர் கணக்கோடு அப்படியே வைத்து அளத்தல் நேர்மையாகாது. ஒத்த நிலையினரை ஒப்பிடுமாறு கேட்க வேண்டும்.

மூன்றாவது, நடுநிலை விசாரணை. குற்றம் சாட்டிய மருத்துவமனையே நடுவராகவும் இருத்தல் கூடாது. மருத்துவச்சியின் தோழியரும் நடுவராதல் கூடாது. இரு தொழிலையும் அறிந்த வெளியார் வேண்டும். தாய்மாரின் வாக்குமூலமும், மகவை இழந்த பெற்றோரின் வாக்குமூலமும் ஒருங்கே கேட்கப்பட வேண்டும்.

நான்காவது, இடைக்கால ஏற்பாடு. விசாரணை முடியும் வரை, பேறு நெருங்கிய பெண்களைக் கைவிடாமல் யார் கவனிப்பது என்பதை மருத்துவமனை எழுத்தில் கூற வேண்டும். பிணக்கு இருவர்க்கிடையே, நோவோ மூன்றாமவளுக்கு.

ஐந்தாவது, முடிவை ஏற்கும் மனம். குற்றம் மெய்ப்படுமாயின் அதனை ஏற்று, மறுபயிற்சியோ தண்டனையோ வேண்டுவதை ஒப்புக்கொள்ள வேண்டும். மெய்ப்படாவிடில் அவளை மீண்டும் பணியில் அமர்த்தவும், அவள் நற்பெயரை வெளிப்படையாக மீட்கவும் மருத்துவமனை கடமைப்பட்டது.

புகழுரை நிறைந்த மனுக்களை அலுவலகங்கள் பல கண்டிருக்கின்றன. "இவள் எங்களுக்குத் தாய் போன்றவள்" என்று நூறு பேர் கைச்சாத்திட்டாலும், மேசைமேல் இருப்பவர் அதனை ஒதுக்கிவைத்தல் எளிது. பேறுகளின் கணக்கை ஒதுக்கிவைத்தல் அத்துணை எளிதன்று. பெக்கத்து மருத்துவச்சியர் தம் பணியை ஒழுங்காகப் பதிவு செய்திருந்தமையால்தான், குழு மறைந்த பின்னரேனும் அவர்கள் செய்தது இன்னதென்று உலகம் அறிந்தது. அக்கணக்கு ஒப்பந்தம் முறியுமுன்னரே முழுமையாகப் பார்க்கப்பட்டிருக்குமாயின், முடிவு எதுவாயினும் தாய்மார் அதனை நம்பியிருப்பர்.

எனவே மருத்துவச்சி பணிபுரியும் இடங்களில், பிணக்கு எதுவும் எழுமுன்னரே, அவள் பார்க்கும் ஒவ்வொரு பேற்றையும் ஒரு புத்தகத்தில் நாளும் நேரமும் குறித்து எழுதி வருமாறு அவளை ஊக்குவித்தல் நன்று. எழுத்தறிவு குறைந்தவளாயின் எழுதிக் கொடுப்பதற்கு ஆசிரியர் இருக்கிறார். அவளுக்கு ஊரார் செய்யக்கூடிய மிகப் பெரிய துணை அந்தப் புத்தகமே.